மேற்கே மின்னினால்: கடலூரிலிருந்து கல்வராயன் அருவிகள் வரை

கடலூர் மாவட்டத்தில் அருவி கிடையாது. புதுச்சேரியிலும் கிடையாது. கடல் இருக்கிறது, கழிமுகம் இருக்கிறது, வீராணம், ஊசுட்டேரி என்று பெரிய ஏரிகள் இருக்கின்றன. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் மட்டும் இல்லை. அருவி என்றால் குற்றாலம்தான் என்று வேன் பிடித்துப் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் இருக்கும் இளைஞர்கள் கைபேசியில் தேடிப் பார்ப்பது வேறு பெயர்களை: மேகம், பெரியார், கவியம், எட்டியாறு. எல்லாம் கல்வராயன் மலையில் உள்ளவை. கடலூரிலிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அப்புறம் வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் கிளம்பினால் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு கடைசிச் சில கிலோமீட்டரில்தான் உதைக்கிறது.

பெரியார் அருவி மாதிரி சாலைக்குப் பக்கத்தில் இருப்பதற்கு அவ்வளவு சிரமம் இல்லை. காட்டுக்குள் தள்ளி இருப்பவற்றுக்குப் போகும்போதுதான் தார் முடிந்து ஜல்லி வரும், ஜல்லி முடிந்து மண் வரும், மண் முடிந்து ஓடை குறுக்கே வரும், அதற்கப்புறம் நடை. ஏன் இப்படி இருக்கிறது, தண்ணீர் ஏன் ஒரு வாரம் கொட்டி மறு வாரம் வெறும் கசிவாகிறது என்பதற்கெல்லாம் காரணங்கள் உண்டு. அவற்றில் பாதி, கீழே சமவெளியில் இருக்கும் நம்மோடு சம்பந்தப்பட்டவை.

முதலில் நம் ஊரில் ஏன் அருவி இல்லை என்பதைப் பார்த்துவிடலாம். அருவிக்கு உயர வித்தியாசமும் வேண்டும், அரிப்புக்குச் சீக்கிரம் மசியாத பாறையும் வேண்டும். கடலூரில் உயரம் என்று சொல்ல இருப்பது கேப்பர் மலை. மலை என்று பெயரே தவிர, செம்மண்ணும் மணற்கல்லும் சேர்ந்த மேடுதான் அது. புவியியலாளர்கள் இந்த அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலி நிலக்கரிக்கு மேலும் கீழும் இருப்பது இதே அடுக்குதான். மழை விழுந்தால் கணிசமான பகுதி இதற்குள் இறங்கிவிடும். நெய்வேலிப் பக்கம் ஆழ்குழாய்களில் தண்ணீர் தானாகப் பொங்கியதும், சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான். உள்ளே இறங்காமல் மேலே ஓடும் தண்ணீரும் பாறையில் குதிப்பதில்லை. இளகிய மண்ணை அரித்துப் பள்ளமாக்கிக்கொண்டு போகிறது. ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் செம்மண் பிளந்து கிடக்கும் ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கல்வராயன் கதை வேறு. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது ஆகியவற்றோடு சேர்ந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதி அது. பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், சராசரி 4,000 அடி. கூரான சிகரங்களின் வரிசையைக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் மேலே ஏறியதும் கொஞ்சம் திகைப்பார்கள். கவிழ்த்து வைத்த அண்டாவின் அடிப்பக்கம் மாதிரி, செங்குத்தான சரிவு ஏறி முடித்ததும் வயலும் ஊரும் பள்ளிக்கூடமுமாக ஒரு மேட்டுநிலம் விரிகிறது. பாறையில் சார்னகைட் என்ற கடினமான கல் நிறைய. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னாளில் அந்தக் கல்லை ஆராய்ந்தவர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்தில் உடைக்கிற அதே வகைக் கல்தான். வயது கோடிக்கணக்கான ஆண்டுகளில் பேசப்பட வேண்டியது. மழையும் வெயிலும் அதை மெதுவாகத்தான் தின்னும். ஆனால் பாறையில் ஆழமான வெடிப்புகள் இருக்கும் இடத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்படிப் பெயர்ந்த இடத்தில் மேட்டுநிலத்தின் விளிம்பு நேர்ச்சுவராக நிற்கும். அதுவரை நெல் வயலுக்கு நடுவே சாதுவாக ஓடிவந்த ஓடை அங்கே விழுகிறது.

இதனால் நடைமுறையில் ஒரு விஷயம் உண்டு. மேட்டுநிலத்து ஊர்கள் வழியாகப் போனால் பல அருவிகளின் தலையில் போய் நிற்க வேண்டிவரும். வழுக்குப் பாறை, தடுப்பு எதுவும் இருக்காது, எட்டிப் பார்க்கத் தோன்றும். அருவிகளில் நடக்கும் சாவுகளில் ஒரு பங்கு இந்தத் தலைப்பகுதியில்தான். அடிவாரத்துக் காட்டிலிருந்து போனால் நடை கூடும், ஆனால் அருவியின் காலடியில் போய்ச் சேரலாம்.

விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் போகிறவர்களில் அதிகம் பேர் யோசிப்பதில்லை. கோமுகி ஆறு இந்த மலையில் பிறந்து கச்சிராயப்பாளையத்தை அடுத்த கோமுகி அணையில் தேங்குகிறது. அணையின் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. மலையின் வேறு ஓடைகள் மணிமுத்தாறாகச் சேர்ந்து மணிமுக்தா அணைக்கு வருகின்றன. இரண்டு ஆறுகளும் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, வேப்பூர்ப் பக்கம் நல்லூரில், வில்வவனேசுவரர் கோயிலுக்கு அருகில் கூடுகின்றன. அப்புறம் விருத்தாசலம். மணிமுத்தாற்றில் அஸ்தி கரைத்தால் காசியைவிட வீசம் அதிகம் என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்த ஆறு இதுதான். சுந்தரர் பாடிய கூடலையாற்றூரில் அது வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. வெள்ளாற்றின் இன்னொரு தாய்க்கிளையான வசிஷ்ட நதிக்கும் சேலம் பக்கத்துக் கல்வராயன் ஓடைகள் தண்ணீர் தருகின்றன. வடக்குச் சரிவின் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போகிறது. தென்பெண்ணையும் கடலூரில்தான் கடலைத் தொடுகிறது. ஆக, அந்த மலையின் எந்தப் பக்கம் மழை விழுந்தாலும் ஏறக்குறைய எல்லாம் நம் மாவட்டத்துக் கரைக்கு வந்து சேர வேண்டியதுதான்.

சேருகிறதா என்பது வேறு கேள்வி. விருத்தாசலம் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். அந்த ஆற்றில் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் மேற்கே போய் மலை ஏற வேண்டியிருக்கிறது என்பதே இந்தப் பயணத்துக்குப் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றும். வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "தண்ணி பார்க்கணும்னா மோட்டார் போடு" என்பார்கள்.

எப்போது போவது என்பதற்கு நம் ஊர்ப் பருவத்தை வைத்து முடிவெடுத்தால் தப்பாகும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. அதுவும் புயலாக வந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவாகப் பெய்தது. ஆகவே நமக்கு மழைக்காலம் என்றால் தீபாவளியை ஒட்டித்தான். மலையில் ஆடி மாதமே வேலை தொடங்கிவிடுகிறது. பகலெல்லாம் தரை காயும், மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும், கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையும், மலைச்சரிவு காற்றை மேலே தள்ளும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். அந்த மேகக்கூட்டம்தான் பல நாள் இரவில் கிழக்கே நகர்ந்து நம் தலைக்கு மேல் வருகிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, "மேற்கே மின்னுது, ராத்திரி மழை உண்டு" என்று சொல்கிறோமே, அந்த மின்னல் பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்து மலைகளை ஒட்டித்தான் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே ஓடைகள் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஆவணி, புரட்டாசியிலேயே அருவிகளில் தண்ணீர் பார்க்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை நிறையவே இருக்கும். தை பிறந்தபின் இறங்குமுகம். பங்குனி, சித்திரையில் போனால் ஈரமான பாறையைப் பார்த்துவிட்டு வரலாம், நடுவே கோடைமழை பிடித்தால் ஒழிய. பெருமழைக்கு மறுநாள் ஓடுவதைவிட நாலைந்து நாள் விட்டுப் போவது நல்லது. வெள்ளம் வடிந்திருக்கும், கலங்கல் தெளிந்திருக்கும், ஓட்டம் மட்டும் நிற்காமல் இருக்கும். நிற்காமல் இருப்பதற்குக் காரணம் காடு. சருகும் வேரும் நிறைந்த தரை மழையை உள்வாங்கி, பாறை வெடிப்புகள் வழியாகப் பல நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மரம் போய் வெறும் சரிவான இடத்தில் அது நடக்காது. மழை பெய்த அன்றைக்கே செந்நிறத்தில் எல்லாம் ஓடி முடிந்துவிடும். ஒரே மலையில் ஒரு அருவி மாசி வரை ஓடுவதற்கும் பக்கத்து அருவி பொங்கலோடு நின்றுபோவதற்கும், பாறை, மேலே தண்ணீர் சேரும் பரப்பு தவிர இதுவும் ஒரு காரணம்.

இந்த மழைக் கணக்கில் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அருவிக்கு மேலே தண்ணீர் சேரும் பரப்பு பத்து சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். பெரிய பரப்பு ஒன்றும் இல்லை. அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்துக் கோடி லிட்டர். அதில் கால்வாசி ஓடிவந்தாலே இரண்டரைக் கோடி லிட்டர், ஒரே பள்ளம் வழியாக. அருவிக்கு அடியில் குளித்துக்கொண்டிருக்கிறவருக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கலாம். மழை விளிம்புக்கு அந்தப் பக்கம் ஐந்து கிலோமீட்டரில் பெய்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றால சீசன்கூட அப்போது தொடங்கவில்லை. படிக்கட்டும் காவலர்களும் உள்ள இடத்தில் நடந்தது அது. கல்வராயனின் உள்காட்டு அருவியில் விசில் ஊதிக் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

தண்ணீரே சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்து ஓடியது திடீரென்று கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். இரைச்சலின் தடிமன் மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, பை, கைபேசி எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் முந்திவிடும். பிற்பகல் மேகங்கள் பற்றிச் சொன்னதால் இதுவும் புரிந்திருக்கும்: அருவி வேலை காலை வேலை. பதினொரு மணிக்குக் குளித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு மணிக்குத் தலை துவட்டிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும்.

வெள்ளமே வராத நாளிலும் நேராக அருவிக்கு அடியில் தலையைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூறு அடி உயரத்திலிருந்து விழும் கல் கீழே வரும்போது மணிக்கு ஏறக்குறைய 88 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். எலுமிச்சை அளவுக் கல்லே மண்டையை உடைக்கப் போதும். மடுவில் குதிப்பது இன்னும் மோசம். விழும் தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போவதால் நுரைக்கிற இடத்தில் தண்ணீர் நம்மைத் தாங்கும் சக்தி குறைவு. நீச்சல் தெரிந்தவரும் அமிழ்வார். அடியில் சுழலும் ஓட்டம் பாறை இடுக்குக்குள் தள்ளும். கடலூர்க்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு: சில்வர் பீச்சில் அலையோடு விளையாடிப் பழகியவர்கள், மடு என்ன செய்துவிடும் என்று நினைப்பார்கள். பழக்கமான உப்புநீரில் மிதப்பது எளிது, நன்னீரில் அவ்வளவு எளிதில்லை என்பதே அவர்களில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

சரி, சாலைக்கு வருவோம்.

கல்வராயன் சாலைகள் ஏன் இப்படி என்று கேட்டால் கான்ட்ராக்டர்களைத் திட்டுவது சுலபமான பதில். அதில் உண்மை இருக்கலாம், ஆனால் கதை அதைவிடப் பழையது. இந்த மலை நீண்ட காலம் மூன்று ஜாகீர்தார்களின், அதாவது நிலத்தையும் வரி வாங்கும் உரிமையையும் பரம்பரையாக வைத்திருந்தவர்களின், கையில் இருந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர், தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறியதாகச் சொல்கிறவர்கள், அந்த ஜாகீர்தார்களுக்கு வரியும் கொடுத்து கூலியில்லாத உழைப்பும் கொடுத்து வந்தார்கள். நாடு விடுதலை பெற்றபின்னும் இது தொடர்ந்தது. 1960களில் இந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தும், வழக்குகளைத் தாண்டி மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல். சமவெளியில் பஞ்சாயத்துச் சாலைகள் போடத் தொடங்கி ஒரு தலைமுறை ஆனபின்தான் இங்கே அரசு என்ற ஒன்றே வருகிறது.

வந்த நான்கே வருடத்தில் இன்னொரு சட்டம் குறுக்கிட்டது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்புக்காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இரண்டு ஊருக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் காடு இருந்தால் அந்த இரண்டு கிலோமீட்டர் மட்டும் மண்ணாகவே நின்றுவிடும். இந்தப் பக்கம் தார், அந்தப் பக்கம் தார், நடுவில் குழி. மலைப்பகுதியில் இப்படிச் சாலை திடீரென்று மாறுவதைப் பார்த்தால், பல சமயம் நீங்கள் கடந்தது ஒரு துறையின் எல்லைக்கல். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்துவிட்டது: கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு அனுமதி தரலாம். காகிதத்தில் நல்ல வழி. ஒரு ஹெக்டேர் என்பது ஐந்து மீட்டர் அகலச் சாலைக்கு இரண்டு கிலோமீட்டர். மலை வளைவில் அது எவ்வளவு தூரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

போட்ட சாலையும் நிற்பதில்லை என்பதற்குக் காரணம் தண்ணீர். தார் சாலைக்குப் பாரத்தைவிடப் பெரிய எதிரி தேங்கும், ஓடும் தண்ணீர். சரிவில் சாலை வெட்டினால் மேல்பக்கம் வடிகாலும் அங்கங்கே குறுக்குக் குழாயும் வேண்டும். அவை இல்லாவிட்டாலோ சருகு அடைத்துக்கொண்டாலோ, மழைநீர் சாலையையே ஓடையாக எடுத்துக்கொள்ளும். முதல் மழையில் ஓரம் அரிக்கும், அடுத்த மழையில் அடிமண் போகும், அப்புறம் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று ஏறினால் தார்ப்பாளம் பெயரும். கிழங்கு, கடுக்காய், புளி, தேன் எல்லாம் இறங்குவது இந்த வழியாகத்தான். பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் இந்த வழியாகத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் பலியானபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில் பேசப்பட்டவற்றில் முக்கியமானது சாலைதான், பஸ்தான்.

காட்டு அருவிக்குப் போய்வரும் நம்மில் பலர் ஒன்று சொல்வதுண்டு: ரோடு மோசமாக இருப்பதால்தான் இடம் கெடாமல் இருக்கிறது, போட்டுவிட்டால் கூட்டம் வந்துவிடும் என்று. முற்றிலும் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர் சாயங்காலம் உளுந்தூர்பேட்டை நாலுவழிச் சாலைக்கு வந்துவிடுகிறார். ஊருக்கு ஊர் போகும் சாலையும் அருவிக்குப் போகும் கிளைப்பாதையும் வேறு வேறு. முன்னதை நன்றாகப் போட்டுவிட்டு, பின்னதை நடைபாதையாகவே விட்டுவிடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அருவி வரைக்கும் கார் போகும்படி செய்வதைத்தான் நான் எதிர்ப்பேன். ஊர்ச் சாலையை எதிர்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

வண்டி விஷயம் சுருக்கமாக. ஸ்கூட்டரில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், போகிறவர்களைப் பார்க்கிறோம். ஆனால் சின்னச் சக்கரம் குழிக்குள் முழுதாக இறங்கும். கியர் இல்லாத வண்டியில் இறக்கத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்வது குறைவு, பாரம் முழுவதும் பிரேக்குக்குத்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். கியர் வண்டியோ காரோ என்றால் ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய டிரைவர் விதி போதும். ஓடையைக் கடக்கும்போது அடி தெரியாத தண்ணீரில் முதலில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடினால் வண்டியை இங்கேயே விட்டுவிடலாம். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலையில் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்பதால் அந்தப் பக்கம் வண்டியோடு மாட்டிக்கொள்வது பெரிய தலைவலி. பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. மேலே சிக்னல் நம்பக் கூடியதில்லை. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டாலும், அது ஆட்டுத் தடத்தையும் சாலையாகக் காட்டும். கடைசி ஊரில் நிறுத்தி, "அண்ணே, அருவிக்கு இன்னிக்குப் போகலாமா?" என்று கேட்பதுதான் சரியான வழிகாட்டி. "போகலாமா" என்று கேட்க வேண்டும், "எப்படிப் போகணும்" என்று மட்டும் கேட்டால் வழியைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்குச் சட்டப்பூர்வமான இன்னொரு பாதியும் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் நிலைமை மாறியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது வழித்தடங்களை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. ஆகவே பொதுவாக எல்லோரும் போய்வரும் அருவிக்கும், காட்டுக்குள் தள்ளி இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னதற்கு வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெருமழை நாட்களிலும் கோடைத் தீக்காலத்திலும் மூடிவிடுவார்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவந்துவிட்டோம் என்பது தடுப்புக் கம்பியில் நிற்கும் வனக்காவலருக்கு ஒரு வாதமே இல்லை. கரடியும் காட்டுப்பன்றியும் உள்ள காடு என்பதால் அதிகாலை இருட்டிலும் மாலை மங்கலிலும் நடப்பதும் உகந்ததில்லை.

கடைசியாக, புதுச்சேரி வண்டி எண்ணைப் பார்த்ததும் மலையடிவாரத்தில் ஏன் டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் பாட்டில் விலை குறைவு என்பது ஊரறிந்தது. சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்த மலையின் சோதனைகளில் கெடுபிடி கூடியதும் இயல்பு. சோதனை எதற்காக நடந்தாலும் அருவிக்கு அதில் ஒரு லாபம் உண்டு. அருவிப் பாறையில் உடைகிற பாட்டில் அங்கேயே கிடப்பதில்லை. சில்லுகள் அடுத்த வெள்ளத்தில் உருண்டு கீழே வயலோரத்து ஓடையில் தங்கும். செருப்பில்லாமல் நாற்று நடுகிறவர்களின் காலில் குத்தும். பிளாஸ்டிக் உறைகளும் ஷாம்பூ பாக்கெட்டுகளும் இன்னும் தூரம் போகும், கோமுகி அணையின் ஷட்டர் வரைக்கும், அணை திறந்தால் அதற்கும் கீழே. குளிப்பதற்குச் சோப்பு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்த வேகத்தில் விழுகிற தண்ணீரில் அழுக்கு நிற்குமா? அருவிக்குக் கீழே அதே ஓடையில் குடம் எடுக்கிற ஊர்கள் உண்டு. கொண்டுபோன பையிலேயே எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வீட்டுக் குப்பையில் போடுவதற்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.